தாலிபானும் அக்கம்பக்கத்து நாடுகளும்: 1998இல் பீரங்கி, 2025இல் தூதரகம். நடுவில் என்ன நடந்தது?

பழைய அட்லஸ்:

1998 ஆகஸ்டில் தாலிபான் படை மசார்-இ-ஷரீஃப் நகரைப் பிடித்தது. அங்கிருந்த ஈரான் துணைத் தூதரகத்துக்குள் புகுந்து அதிகாரிகளையும் ஒரு செய்தியாளரையும் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த சில வாரங்களில் ஈரான் எல்லையில் சுமார் இரண்டு லட்சம் படையினர் குவிந்தார்கள். போர் வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் காலத்தில் ஈரான், ரஷ்யா, இந்தியா மூன்றும் தாலிபானை எதிர்த்துப் போரிட்ட வடக்குத் தளபதி அகமது ஷா மசூதுக்குப் பின்னால் நின்றன. உஸ்பெகிஸ்தான் எல்லை ஆறான அமு தர்யா மேலிருந்த நட்புப் பாலத்தையே மூடிப் போட்டது. தாலிபான் அரசை அங்கீகரித்தவை பாகிஸ்தான், சவூதி, அமீரகம் என்று மூன்றே நாடுகள்.

இப்போது பாருங்கள். 2021இல் மறுபடி ஆட்சிக்கு வந்த தாலிபான் அரசை முறைப்படி அங்கீகரித்த முதல் நாடு ரஷ்யா, 2025 ஜூலை 3 அன்று. அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தக்கி டெல்லிக்கு வந்தார். காபூலில் இருக்கும் நம் தொழில்நுட்பக் குழுவைத் தூதரகமாக உயர்த்துவதாக இந்தியா அறிவித்தது. அவர் டெல்லியில் இறங்கிய அதே நாள் இரவு காபூலில் குண்டு வெடித்தது. போட்டது பாகிஸ்தான் என்று தாலிபான் சொன்னது. இரண்டு நாள் கழித்து எல்லை நெடுகச் சண்டை.

வளர்த்தவன் குண்டு போடுகிறான், எதிர்த்தவன் கம்பளம் விரிக்கிறான். தாலிபான் மாறிவிட்டதா, அக்கம்பக்கத்தார் மாறிவிட்டார்களா? யாரும் பெரிதாக மாறவில்லை என்பது என் கட்சி. ஒவ்வொருவரும் அன்றும் இன்றும் தங்கள் எல்லைக்கு உள்ளே இருக்கும் ஒரு பயத்துக்குத்தான் பதில் சொல்கிறார்கள். காபூலில் யார் ஆள்கிறார்கள் என்பது அதற்கு அடுத்த கேள்வி. மறுப்பவர்கள் வரலாம்.

கீழவாசல் குமரன்:

இதில் என்ன புதிர் அண்ணே? எதிரிக்கு எதிரி நண்பன். பாகிஸ்தானோடு முறைத்துக்கொண்டவன் நமக்கு வேண்டியவன். ரஷ்யாவுக்கு அமெரிக்காவை வெறுப்பேற்ற வேண்டும். முடிந்தது கதை.

சதுரங்கன்:

குமரன், அந்தச் சூத்திரம் இந்தியாவுக்கு முக்கால்வாசி பொருந்தும். ரஷ்யாவுக்குப் பொருந்தாது. அமெரிக்காவை வெறுப்பேற்றுவதுதான் நோக்கம் என்றால் 2021 ஆகஸ்டிலேயே அங்கீகரித்திருக்கலாமே, நாலு வருஷம் ஏன் காத்திருந்தார்கள்? ரஷ்யா 2003இல் தாலிபானைப் பயங்கரவாத அமைப்பு என்று தடை செய்தது. அந்தத் தடையை அவர்களுடைய உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது 2025 ஏப்ரலில்தான். இடையில் நடந்தது என்ன என்று பார்த்தால் விஷயம் புரியும்.

2022 செப்டம்பரில் காபூலில் ரஷ்யத் தூதரக வாசலில் குண்டு வெடித்தது. 2024 மார்ச் 22, மாஸ்கோ குரோகஸ் அரங்கத் தாக்குதல். 140 பேருக்கு மேல் செத்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் ஈரானின் கெர்மான் நகரில், ஈரான் தளபதி சுலைமானி நினைவு நாள் கூட்டத்தில் இரட்டைக் குண்டு. மூன்றையும் செய்ததாகச் சொல்லிக்கொண்டது ஐஎஸ் இயக்கம். பின்னால் இருந்தது அதன் ஆப்கான் கிளையான குரசான் பிரிவு என்றே எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பிரிவைத் தாலிபான் அடியோடு வெறுக்கிறது, வேட்டையாடவும் செய்கிறது. மாஸ்கோவும் தெஹ்ரானும் போட்ட கணக்கு இதுதான்: நம் ஆட்களைக் கொல்ல வருபவனை அவன் ஊரிலேயே அடிக்க ஒரு ஆள் வேண்டும், அந்த வேலைக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

அட்லஸ் அண்ணன் விட்டுவிட்ட ஒன்றையும் சொல்கிறேன். 1996 செப்டம்பரில் காபூல் தாலிபானிடம் விழுந்ததும் தஜிகிஸ்தானில் என்ன ஆனது? அங்கே 1992 முதல் உள்நாட்டுப் போர். ரஹ்மோன் அரசுக்கு ரஷ்யா துணை. எதிரணியில் இருந்த இஸ்லாமியக் கட்சியின் தலைவர்களுக்கு ஈரான் அடைக்கலம். காபூல் விழுந்த பிறகு மாஸ்கோவும் தெஹ்ரானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இரண்டு தரப்பையும் மேசைக்கு இழுத்தன. 1997 ஜூனில் மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தாலிபான் வடக்கே வந்துவிடுமோ என்ற பயம் அதற்கு ஒரு பெரிய காரணம். மத அரசு நடத்தும் ஈரானும் மதமே வேண்டாம் என்று பழகிய ரஷ்யாவும் ஒரே வேலையைச் செய்தார்கள். கொள்கையை வைத்துக் கணக்குப் போட்டால் இந்த விடை வரவே வராது.

துபாய் ராவுத்தர்:

நல்ல இழை. பாகிஸ்தான் பக்கத்தை நான் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியில் டிரெய்லர் ஓட்டுபவர்களில் பாதிக்கு மேல் பட்டாணியர்கள். ஒருவர் பன்னு, பாகிஸ்தான் பாஸ்போர்ட். அவர் தங்கையைக் கட்டியவர் கோஸ்த், ஆப்கான் பாஸ்போர்ட். இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே தட்டில் சாப்பாடு. உங்கள் ஊர் எல்லை எங்கே என்று புதிதாகச் சேர்ந்த ஒருவன் கேட்டபோது பன்னுக்காரர் சிரித்துக்கொண்டே அட்டோக் பாலத்தைச் சொன்னார். அட்டோக் இருப்பது சிந்து நதிக்கரையில், பாகிஸ்தானுக்கு உள்ளே வெகு தூரத்தில்! மச்சான்காரர் சிரிக்கவில்லை, தலையாட்டினார்.

இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஓடும் டூரண்ட் கோடு 1893இல் ஆங்கிலேயர் போட்டது. 1947இல் பாகிஸ்தான் பிறந்த பிறகு அதை எல்லையாக ஏற்றுக்கொண்ட ஆப்கான் அரசு கிடையாது. மன்னர் ஆட்சி ஏற்கவில்லை, கம்யூனிஸ்டுகள் ஏற்கவில்லை, கர்சாய், கனி ஏற்கவில்லை. 1947இல் பாகிஸ்தானை ஐநாவில் சேர்க்க எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே நாடு ஆப்கானிஸ்தான். இப்படிப்பட்ட பக்கத்து வீட்டை வழிக்குக் கொண்டுவரத்தான் பாகிஸ்தான் மதத்தைக் கையில் எடுத்தது. பட்டாணியன் என்ற உணர்வை முஸ்லிம் என்ற உணர்வால் அமுக்கிவிடலாம் என்று நினைத்தார்கள். 1994இல் பேநசீர் ஆட்சியில் உள்துறை அமைச்சராக இருந்த நசீருல்லா பாபர் மத்திய ஆசியாவுக்கு லாரிப் பாதை திறக்கக் கனவு கண்டார். காந்தஹாரை ஒட்டிய சாலைகளில் ஆளுக்கொரு சங்கிலி கட்டி வசூல் நடந்துகொண்டிருந்தது. அதை அறுத்துவிட்டவர்கள் தாலிபான். லாரி மாஃபியாவுக்கும் பாகிஸ்தான் உளவுத்துறை ஐஎஸ்ஐக்கும் ஒரே நேரத்தில் பிடித்துப்போனது.

ஆனால் அந்த முதல் ஆட்சியிலேயே தாலிபான் தலைவர் முல்லா உமர் டூரண்ட் கோட்டில் கையெழுத்துப் போடவில்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். 2021இல் காபூல் மறுபடி விழுந்ததும் ஐஎஸ்ஐ தலைவர் ஃபைஸ் ஹமீது செரீனா ஓட்டலில் கையில் கோப்பையுடன் நின்று எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொன்ன படம் உலகம் பூராவும் ஓடியது. பிறகு நடந்தது தெரியும். 2014 ராணுவ நடவடிக்கையில் எல்லை தாண்டி விரட்டப்பட்ட பாகிஸ்தான் தாலிபான், அதாவது டிடிபி, காபூல் தங்கள் அண்ணன்மார் கைக்கு வந்ததும் தெம்பாகிவிட்டது. தாலிபானுக்குள் இருக்கும் ஹக்கானி பிரிவினர் நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்தினார்கள், 2022 நவம்பரில் டிடிபி சண்டை நிறுத்தத்தை முறித்தது. இரண்டு மாதத்தில் பெஷாவர் காவல் குடியிருப்பு மசூதிக்குள் குண்டு. தொழுகையில் நின்ற போலீஸ்காரர்கள்தாம் பெரும்பாலும் செத்தார்கள். வளர்த்த கடா மார்பில் பாய்வது என்றால் இதுதான்.

அந்த ஃபைஸ் ஹமீதை அவருடைய ராணுவமே பின்னாளில் கைது செய்து விசாரித்துச் சிறையில் போட்டது. காரணங்கள் வேறு, உள்ளூர் அரசியல். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கீழவாசல் குமரன்:

ராவுத்தர் பாய், ஒரு சந்தேகம். டிடிபியைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் தாலிபானுக்கு என்ன நஷ்டம்? வர்த்தகத்தில் பெரும் பங்கு டோர்கம், சமன் எல்லை வாசல்கள் வழியாகத்தானே?

துபாய் ராவுத்தர்:

அவர்களோடு இருபது வருஷம் ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள் தம்பி. வஜீரிஸ்தானில் இடம் கொடுத்தவர்கள், தற்கொலைப் படைக்கு ஆள் கொடுத்தவர்கள். அவர்களை ஒப்படைத்தால் நாளைக்குத் தன் சொந்தப் போராளிகளே குரசான் ஐஎஸ் பக்கம் சாய்வார்கள் என்ற பயம் காந்தஹாரில் இருக்கும் தாலிபான் தலைமைக்கு உண்டு. அதனால் எல்லையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் குடியேற்றுகிறோம், பணம் கொடுங்கள் என்றெல்லாம் பேசிப் பார்த்தார்கள்.

நஷ்டம் இரண்டு பக்கமும்தான். 2025 அக்டோபர் சண்டைக்குப் பிறகு டோர்கம் மூடியதும் பாகிஸ்தானில் தக்காளி கிலோ 600 ரூபாய்க்குப் போனது. அந்தப் பக்கம் திராட்சையும் மாதுளையும் லாரியிலேயே அழுகின. தோஹாவில் கத்தாரும் துருக்கியும் சமரசம் பேசி 19ஆம் தேதி சண்டையை நிறுத்தினார்கள், அடுத்து இஸ்தான்புல்லில் பேசியது ஒன்றுக்கும் ஆகவில்லை.

நெல்லை வியாபாரி:

இங்கே எழுதுவது முதல் தடவை. அரசியல் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பெருங்காயக் கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறேன், அதனால் இந்த எல்லைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

நம் சாம்பாரில் விழும் பெருங்காயத்தின் மூலப் பிசின் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தானில் இருந்து வருகிறது. இந்தியாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,200 டன். நாம் இங்கே அதில் மைதாவும் கருவேலம் பிசினும் கலந்து கூட்டுப் பெருங்காயம் ஆக்குகிறோம், அவ்வளவுதான். செடியை லாகூலில் நட்டு வளர்க்க 2020 முதல் முயற்சி செய்கிறார்கள், பிசின் எடுக்க அது வருஷக்கணக்கில் வளர வேண்டும்.

ஆப்கான் சரக்கு பஞ்சாப் எல்லையில் உள்ள அட்டாரி வழியாக லாரியில் வந்துகொண்டிருந்தது. பாகிஸ்தான் அவர்கள் சரக்கை நமக்கு வர விட்டது, நம் சரக்கை அந்த வழியே போக விடவில்லை. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதல் நடந்ததும் அட்டாரி மூடப்பட்டது. வழியில் மாட்டிய லாரிகளைக் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு உள்ளே விட்டார்கள். அதன் பிறகு ஈரானின் சாபஹார் துறைமுகம், துபாய், இல்லாவிட்டால் விமானம். ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு கூலி, நாள் கணக்கும் வேறு. ஈரப் பிசின் நாள்பட்டால் எடை குறையும். அந்த எடை எங்கள் தலையில்தான் விழும்.

நான் கேட்க வந்தது: தாலிபான் ஆட்சி வந்ததும் சரக்கே வராது என்று பயந்தோம். வந்துகொண்டுதான் இருந்தது. வழிப்பறி வசூல் குறைந்துவிட்டது என்று காபூல்காரர்கள் சொன்னார்கள். 2021இல் எல்லோரும் ஓடி வந்தபோது இந்தியா எதற்கு 2022லேயே தொழில்நுட்பக் குழு என்று மறுபடி போனது, வியாபாரத்துக்கா?

சதுரங்கன்:

வியாபாரி ஐயா, உங்கள் பதிவு இந்த இழைக்கே பெரிய உதவி. வியாபாரமும் உண்டு, ஆனால் முதல் காரணம் 1999 டிசம்பர். கடத்தப்பட்ட நம் ஐசி-814 விமானம் காந்தஹாரில் நின்றபோது தாலிபான் அரசோடு பேச நமக்கு அங்கே ஒரு ஆள் இல்லை. 1996லேயே தூதரகத்தை மூடிவிட்டு வந்திருந்தோம். கடைசியில் வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் நம் சிறையில் இருந்த மூன்று தீவிரவாதிகளைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதில் ஒருவர் மசூத் அசார், திரும்பிப் போய் ஜெய்ஷ்-இ-முகம்மது ஆரம்பித்தார். மறுபடி அப்படி வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பது டெல்லியில் ஊறிப்போன பாடம்.

அப்புறம் போட்ட முதலீடும் கொஞ்சநஞ்சமல்ல. சல்மா அணை, காபூல் நாடாளுமன்றக் கட்டடம், ஈரான் எல்லையைத் தொடும் 218 கிலோமீட்டர் சரஞ்ச்–தெலாராம் சாலை. அந்தச் சாலையே பாகிஸ்தானைச் சுற்றிக்கொண்டு சாபஹார் போகத்தான் போடப்பட்டது. ஆட்சி மாறியது, சாலை இருக்கிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். இந்தியா தூதரகம் திறந்தது, அங்கீகரிக்கவில்லை. சீனா 2023 செப்டம்பரிலேயே காபூலுக்கு முழுத் தூதரை அனுப்பியது, 2024 ஜனவரியில் தாலிபான் தூதரின் நியமனக் கடிதத்தை ஷி ஜின்பிங்கே வாங்கிக்கொண்டார். இருந்தும் அங்கீகாரம் என்று வாயால் சொல்லவில்லை. வாசல்வரை வந்து பேசுவார்கள், உள்ளே கூப்பிட மாட்டார்கள்.

மலர்விழி:

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். லாரி, குண்டு, பெருங்காயம் எல்லாம் வந்துவிட்டது. அந்த நாட்டில் பாதிப்பேர் பெண்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது, 2022 டிசம்பரோடு பல்கலைக்கழகமும் கிடையாது. இதைப் பற்றி இத்தனை பதிவுகளில் ஒரு வரி இல்லை.

ரஷ்யா அங்கீகாரம் கொடுத்தது ஜூலை 3. ஐந்தே நாளில், ஜூலை 8 அன்று, பெண்களை ஒடுக்கிய குற்றத்துக்காக தாலிபான் உச்சத் தலைவர் அகுந்த்சாதாவுக்கும் அவர்களுடைய தலைமை நீதிபதிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை கொடுத்தது. அக்கம்பக்கத்து நாடு ஒன்றுகூட அதைப் பொருட்படுத்தவில்லை. டெல்லியில் முத்தக்கி நடத்திய முதல் செய்தியாளர் கூட்டத்தில் பெண் செய்தியாளர்களை விடவில்லை. நம் தலைநகரில்! சத்தம் எழுந்த பிறகு இரண்டாவது கூட்டம் வைத்தார்கள், பெண்கள் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். பள்ளிக்கூடம் பற்றிய கேள்விக்குச் சுற்றி வளைத்துத்தான் பதில் வந்தது.

சதுரங்கன் சொல்லும் ‘பாடம்’, ‘கணக்கு’ எல்லாம் சரி. கணக்கில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வதும் ஒரு கொள்கைதானே?

கீழவாசல் குமரன்:

சரியான கேள்வி. ஆனால் பேசாமல் இருந்தால் மட்டும் பள்ளிக்கூடம் திறந்துவிடுமா சகோதரி? 1996 முதல் 2001 வரை பெரும்பாலோர் ஒதுங்கித்தான் இருந்தார்கள், அப்போதும் திறக்கவில்லையே.

மலர்விழி:

பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேசும்போது என்ன கேட்கிறீர்கள் என்று கேட்கிறேன். டிடிபியைக் கொடு என்று பாகிஸ்தான் கேட்கிறது, தண்ணீரைக் கொடு என்று ஈரான் கேட்கிறது, தன் நாட்டு உய்குர் போராளிகளைக் கொடு என்று சீனா கேட்கிறது. ஒவ்வொருவரும் விலை கேட்கிறார்கள். அந்த விலைப்பட்டியலில் பள்ளிக்கூடம் யாருடைய பட்டியலிலும் இல்லை. அவ்வளவுதான்.

மட்டுறுத்துநர்:

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தாலிபானைப் பற்றிப் பேச வந்து உள்ளூர் முஸ்லிம்களை வம்புக்கு இழுக்கும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. விவாதம் நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

துபாய் ராவுத்தர்:

மட்டுறுத்துநருக்கு நன்றி. அந்தப் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முத்தக்கி தேவ்பந்த் மதரசாவுக்குப் போனதை வைத்துத்தான் அந்தப் பதிவுகள் கிளம்பின.

தாலிபான் தலைவர்கள் பலர் படித்தது பாகிஸ்தானில் அக்கோரா கட்டக் என்ற ஊரில் இருக்கும் ஹக்கானியா மதரசாவில். அதை 1947இல் தொடங்கியவர் தேவ்பந்தில் படித்து அங்கேயே பாடம் நடத்தியவர். அதனால் அவர்களுக்குத் தேவ்பந்த் என்றால் குருவின் குரு வீடு. அந்த வீடு இருப்பது உத்தரப் பிரதேசத்தில். இதே தேவ்பந்த் 2008இல் பயங்கரவாதம் இஸ்லாத்துக்கு விரோதம் என்று உலமாக்களைக் கூட்டி ஃபத்வா கொடுத்தது. ஒரே மரத்தின் ஒரு கிளை அங்கே துப்பாக்கி தூக்கியது, தாய்மரம் இங்கே அதை மறுத்தது.

இந்தியா அவரை அங்கே போக விட்டது சும்மா அல்ல. மத அங்கீகாரம் இஸ்லாமாபாத் கையில் மட்டும் இல்லை என்று காட்டத்தான். புத்திசாலித்தனமான காய் நகர்த்தல் என்றே எனக்குப் படுகிறது, மலர்விழி சொன்ன குறை அப்படியே இருந்தாலும்.

பழைய அட்லஸ்:

மலர்விழியின் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, அதனால் தண்ணீருக்குப் போகிறேன். கொள்கை வேறு, புவியியல் வேறு என்பது அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

ஹெல்மண்ட் ஆறு ஆப்கானிஸ்தானில் பிறந்து ஈரானின் சிஸ்தானில், ஹாமூன் ஏரியில் போய் முடிகிறது. 1973 ஒப்பந்தப்படி ஈரானுக்கு விநாடிக்கு 26 கன மீட்டர், ஆண்டுக்கு 82 கோடி கன மீட்டர். இன்று ஹாமூன் பெரும்பாலும் உப்புக் காடு, அங்கிருந்து கிளம்பும் புழுதியில் சாபோல் ஊர்க்காரர்கள் மூச்சு விட முடியாமல் தவிக்கிறார்கள். 2021 மார்ச்சில் அஷ்ரஃப் கனி கமால் கான் அணையைத் திறந்துவைத்துப் பேசியபோது, கூடுதல் தண்ணீர் வேண்டுமென்றால் எண்ணெய் கொடுங்கள் என்றார். ஐந்து மாதத்தில் அவர் ஓடிவிட்டார், தாலிபான் வந்தது. தண்ணீர் வந்ததா? இல்லை. 2023 மே மாதம் ஈரான் அதிபர் ரைசி எச்சரிக்கை விட்டார். உடனே தாலிபான் ஆள் ஒருவர் மஞ்சள் பிளாஸ்டிக் கேன் ஒன்றில் தண்ணீர் பிடித்து, இந்தாருங்கள் அதிபரே என்று நக்கலடித்து வீடியோ போட்டார். அதே மாதக் கடைசியில் எல்லைச் சாவடியில் துப்பாக்கிச் சண்டை, இரு பக்கமும் ஆட்கள் செத்தார்கள்.

அமெரிக்கா ஆதரித்த குடியரசும் அமெரிக்காவை விரட்டிய எமிரேட்டும் ஹெல்மண்டைப் பொறுத்தவரை ஒரே கொள்கை. காவிரி பார்த்த நமக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

1998இல் படை திரட்டிய ஈரான் கடைசியில் அடிக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அடித்திருந்தால் அந்தச் சேற்றிலிருந்து வெளியே வந்திருக்க மாட்டார்கள், சோவியத் மாட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். அதன் பிறகு அவர்கள் எடுத்த ஆயுதம் வேறு: அகதிகள். 2025இல் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியரைத் திருப்பி அனுப்பினார்கள். பாகிஸ்தானும் 2023 முதல் அதையே செய்கிறது. ஒரு அரசை மிரட்ட அதன் சொந்த மக்களையே அதன் வாசலில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். இதைப் பற்றி இந்த இழையில் யாரும் வாய் திறக்கவில்லை, என்னையும் சேர்த்து.

சதுரங்கன்:

வடக்கேயும் இதே கதை. வடக்கு ஆப்கானிஸ்தானில் கோஷ் தெபா கால்வாய் 285 கிலோமீட்டர், 2022இல் தாலிபான் தோண்ட ஆரம்பித்தது. முழுதாக ஓடினால் அமு தர்யாவில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்போல உஸ்பெகிஸ்தானுக்கும் துர்க்மெனிஸ்தானுக்கும் போகாமல் நின்றுவிடும். பருத்தி வயல் காயும். ஆனால் உஸ்பெக் தலைநகர் தாஷ்கந்து கத்தவில்லை. பாலத்தை மூடிய அதே உஸ்பெகிஸ்தான் 2024 ஆகஸ்டில் தன் பிரதமரையே காபூலுக்கு அனுப்பியது. மின்சாரம் விற்கிறார்கள், காபூல் வழியாகப் பாகிஸ்தான் துறைமுகம் வரை ரயில் போடத் துடிக்கிறார்கள். பழைய அதிபர் கரிமோவ் காலத்தில் தாஷ்கந்தில் 1999இல் குண்டு வெடித்தபோது, பழி விழுந்த உஸ்பெக் தீவிரவாத இயக்கம் ஆப்கானிஸ்தானில் கூடாரம் போட்டிருந்தது. இப்போது அந்த இயக்கம் ஏறக்குறைய இல்லை. பயம் போன இடத்தில் வியாபாரம் வந்துவிட்டது.

நெல்லை வியாபாரி:

தஜிகிஸ்தான்? அவர்கள் மட்டும் சேரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

சதுரங்கன்:

ஆமாம் ஐயா, அதிபர் ரஹ்மோன் கடைசிவரை முறைப்பாக இருப்பவர். ஆப்கான் தஜிக்குகளின் தலைவர்களுக்கு இடம் கொடுத்தார், தன் தலைநகர் துஷான்பேயில் பழைய ஆப்கான் குடியரசின் தூதரகத்தையே நீண்ட காலம் வைத்திருந்தார். தன்னை தஜிக் இனத்தின் காவலராகக் காட்டிக்கொள்ள அது அவருக்கு உள்ளூரில் உதவுகிறது. 1997 ஒப்பந்தத்தில் பங்கு பெற்ற அந்த இஸ்லாமியக் கட்சியையும் 2015இல் தடை செய்துவிட்டார், அதனால் தாடி வைத்த எந்த அரசும் அவருக்கு ஆகாது. ஆனால் மின்சாரம் மட்டும் ஆப்கானிஸ்தானுக்கு விற்றுக்கொண்டுதான் இருக்கிறார். மாதாமாதம் பில் போகிறது.

கீழவாசல் குமரன்:

அப்போ அடுத்து யார் அங்கீகரிப்பார்கள்? சீனா?

துபாய் ராவுத்தர்:

சீனாவுக்கு அவசரமில்லை. எண்ணெய் ஒப்பந்தம் 2023இல் போட்டார்கள், 2025இல் தாலிபானே ரத்து செய்தது. சீனக் கம்பெனி எடுத்த மெஸ் அய்னக் சுரங்கத்தின் செம்பு 2008 முதல் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. அங்கீகாரத்தைக் கொடுக்காமல் கையில் வைத்திருக்கும்வரைதான் அதற்கு விலை. என் பந்தயம் மத்திய ஆசியாவில் ஒன்று. பன்னுக்காரர் அமீரகம் என்கிறார், அவர் சொன்னது எதுவும் இதுவரை பலித்ததில்லை.